சரிவில் ஒளிந்திருந்த கசிவு

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து சாரல். ரப்பர் பால் வெட்டு இல்லை. பிரஷர் மாத்திரை தீர்கிறது, வாங்க வேண்டும்.

பத்து மணிக்குத் தம்பி ஜாண்ரோஸ் டிரெய்லர் லாரியோடு வந்து என் முற்றத்தில் நிறுத்தினான். முகம் சரியில்லை. கேரள எல்லை தாண்டி அமரவிளையில் வண்டிகள் தேங்கி, எஞ்சினை நிறுத்தி நின்றபோது பஸ்ஸர் அடித்து, பிரேக் காற்று இறங்கி, பின்சக்கரங்கள் தானாகவே பூட்டிக்கொண்டனவாம். நடுரோட்டில் இருபது நிமிடம். பின்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி வந்து, "சேட்டா, இவிடெ வீடு வெய்க்கான் போகுவாணோ?" என்று மலையாளத்தில் கேட்டாராம், இங்கேயே வீடு கட்டப் போகிறானா என்று.

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை.

மெக்கானிக் சசி ஏற்கெனவே பிரேக் காற்றைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துவிடும் ரிலே வால்வை மாற்றிவிட்டார். அதன் வாய் வழியாகத்தான் காற்று சீறுகிறது என்பதால். புதியதும் சீறுகிறது. இப்போது காற்றை ஏற்றும் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை பிட்னஸ் டெஸ்ட். போன தடவை பிரேக்கில்தான் தோற்றது. இதிலும் தோற்றால் வண்டியைக் காட்டாக்கடை புரோக்கருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி மஸ்கட்டாம். ஐம்பத்து மூன்று வயதில். பதினொரு வருடம் அங்கே ஓட்டிவிட்டு வந்தவன்.

அவன் மனைவி லில்லி என் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். இரண்டு தேங்காய். குழம்புக்கு அரை மூடி போதும்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. ஒன்பது மணிக்கு சசி. வாளியில் சோப்புத் தண்ணீர், பெயிண்ட் பிரஷ். காற்றுக் குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினார். எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. அடியில் படுத்தபடியே முன்னிருந்து பின்வரை போனார்.

நான் டிரைவர் சீட்டில். (ஏற ஸ்டூல், ஜாண்ரோஸ் கை, இரண்டு தடவை "ஆண்டவரே". முட்டி வலி.) மடியில் கைக்கடிகாரம், கண் காற்றுமானியில். பத்து நிமிடம் முள் எட்டிலேயே நின்றது.

"ஒரு குமிள் இல்ல டீச்சரே. கம்ப்ரசர் ஆக்கும்."

"கம்ப்ரசர் போனா காற்று ஏறாதே சசி. ஏறுது. ஏறினது நிக்கவும் செய்யுது. பின்ன ரோட்டில மட்டும் எங்க போவுது?"

"இது ஸ்கூள் லேப் அல்ல, கேட்டியளா."

ஜாண்ரோஸ் சிரித்தான். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. ஆகையால் எனக்குக் கோபம் வரவில்லை.

மதியம் தூக்கம் இல்லை. தாளில் எழுதிப் பார்த்தேன். ரோட்டில் கசிவு உண்டு. முற்றத்தில் இல்லை. என்ன வித்தியாசம்?
— எஞ்சின் ஓடுகிறது.
— குலுக்கம்.
— ?

அமரவிளையில் வண்டி நின்றுதானே கிடந்தது. ஆகக் குலுக்கம் இல்லை. எஞ்சின் ஓடினால் காற்று ஏறத்தான் வேண்டும், இறங்காது. அதுவும் இல்லை.

நாலு மணிக்குச் சாயா கொண்டுபோனபோது பின்சக்கரத்தின் கீழே கல்லைப் பார்த்தேன். என் முற்றம் சரிவு. எங்கள் ஊரில் சரிவு இல்லாத முற்றம் யாருக்கு உண்டு? வண்டி நின்றதும் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். பிறகு ஒரு கல். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

இந்த லாரிகளில் ஹேண்ட் பிரேக் தலைகீழ். காற்றுதான் பிரேக்கை விலக்கிப் பிடித்திருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் அந்தக் காற்று வெளியே போய், ஸ்பிரிங் சக்கரத்தைப் பூட்டும். ஆக, போட்ட பிறகு ஒரு பகுதி முழுக்கக் காலி. அமரவிளை ரோடு சமதரை, அங்கே அதைப் போட்டிருக்க மாட்டான். ஒரு மாதமாகக் காலிக் குடத்தில் ஒழுகல் தேடியிருக்கிறோம்.

ஜாண்ரோஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையில் கைவைத்து நின்றான். "எலே அக்கா," என்றான். என்னை எலே என்று கூப்பிட்டது இதுவே முதல்.

ஜூன் 11, புதன்

நல்ல வெயில். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு அடியில் ஆள் படுக்க வேண்டும் என்றால் சமதரை வேண்டும். பக்கத்தில் சமதரை என்றால் எங்கள் சர்ச் சபையின் முற்றம் ஒன்றுதான். சபைச் செயலரிடம் போனேன்.

"டீச்சர், தரையில இண்டர்லாக் கல்லு போட்டு மூணு மாசம் ஆகல்ல. ஒரு கல்லு பொட்டினா கமிட்டிக்கு நான் என்ன சொல்லுவேன்?"

டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டி மட்டும் வரும் என்றேன். நாலு மணி பெண்கள் கூட்டத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சம்மதித்தார்.

ஆறு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை. எஞ்சின் நிறுத்தம். மூன்று தடவையும் ஐந்தைந்து நிமிடம்:

ஹே.பி. போட்டு — முள் அசைவில்லை.
ஹே.பி. எடுத்து — எட்டிலிருந்து ஆறரை.
மறுபடி போட்டு — அசைவில்லை.

எடுத்தபோது ரிலே வால்வின் வாய் சீறியது. எல்லார் காதுக்கும் கேட்டது.

சசிக்கு முகம் வாடியது. "புது வால்வும் போச்சா?"

அவருக்கு எங்கள் பழைய பள்ளிக் கட்டடத்தைச் சொன்னேன். 5பி-க்கும் 6பி-க்கும் நடுவே பலகைத் தட்டி. 5பி-க்கு ஜன்னல் இல்லை. அவர்கள் போடும் கூச்சல் தட்டியைத் தாண்டி 6பி ஜன்னல் வழியாக வெளியே போகும். தலைமையாசிரியர் வந்து திட்டுவது 6பி-யை. வால்வு 6பி-யின் ஜன்னல். கூச்சல் போடுவது யார்?

சசி பின்சக்கரத்தின் அருகே குனிந்தார். பிறகு மெதுவாக, "பூஸ்டர் ஆக்கும் டீச்சரே. அதில ரண்டு அறை உண்டு. நடுவில ரப்பர்."

அவரே சொன்னார். எனக்கு அதில்தான் அதிக சந்தோஷம். பூஸ்டர் என்பது சக்கரத்தருகே இருக்கும் இரும்புக் குடுவை. ஓர் அறையில் ஹேண்ட் பிரேக்கின் காற்று, மற்றதில் கால் பிரேக்கின் காற்று. நடு ரப்பர் தேய்ந்தால் ஒன்று மற்றதில் புகுந்து, குழாய் வழியே திரும்பி, வால்வின் வாயால் வெளியேறும்.

இரண்டு பின் பூஸ்டர்களிலும் கால் பிரேக் குழாயைக் கழற்றி, துளையில் காலிப் பால் கவரைக் கட்டினோம். வலது: தொங்கியது. இடது: ஒரு நிமிடத்தில் உப்பி, விறைத்து நின்றது.

கூட்டத்துக்குச் சீக்கிரமே வந்த ரோசம்மா குடையை மடக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "டீச்சரே, பிள்ளையளுக்கு பலூன் ஊதிக் குடுக்கியளா?"

"ஓம், பெரிய பிள்ளை ஒண்ணு இருக்கு," என்று ஜாண்ரோஸைக் காட்டினேன்.

3.40க்கு முற்றம் காலி. தரைக்கல் ஒன்றும் உடையவில்லை. செயலர் குனிந்து எண்ணிப் பார்த்தார்.

ஜூன் 12, வியாழன்

நெய்யாற்றின்கரையிலிருந்து புது பூஸ்டர். பழையதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டேன். சசி விடவில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடுமாம். முழுதாகவே மாற்ற வேண்டும். சரி, இதில் அவர் ஆசிரியர்.

சோதனை, செயலர் அனுமதியோடு அதே இடத்தில். ஹே.பி. எடுத்து பத்து நிமிடம்: அசைவில்லை. கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஐந்து நிமிடம்: முதலில் கொஞ்சம் இறங்கி, நின்றது. டிரெய்லரை மாட்டியதும் இணைப்பில் சின்னக் குமிழி ஒன்று. ரப்பர் வாஷர் மாற்றம். பிறகு அதுவும் இல்லை.

சசி: "அந்தப் பழைய வால்வு ஒரு பாவம். ஒரு குத்தமும் செய்யல்ல. நான் கழத்தி எறிஞ்சேன்."

ஜாண்ரோஸ்: "எடுத்துக் கழுவி வையும் ஓய். மன்னிப்பு கேளும்."

மீன் குழம்பு. எல்லாரும் இங்கேயே சாப்பாடு. மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மூட்டம். ஜாண்ரோஸ் ஏழு மணிக்கே டெஸ்டுக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வரை போன் இல்லை. லில்லி வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், என் கொடித்துணியை மடித்தாள். ஈரத்துணி.

12.20. அவன்தான். இன்ஸ்பெக்டர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொல்லி, முள்ளைப் பார்த்தபடி நின்றாராம். அசையவில்லை. முள் சிக்கிக் கிடக்கிறதோ என்று கண்ணாடியை விரலால் தட்டினாராம். மறுபடியும் தட்டினாராம். பாஸ்.

போனை லில்லியிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் கேட்டாள். கடைசியில், "செரி, சாப்பிட வாங்க," என்றாள்.

மூன்று மணிக்குப் புரோக்கர். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார்.

"விக்கல்ல," என்றான் ஜாண்ரோஸ். "சாயா குடிச்சிட்டுப் போங்க."

நாளைக் காலை தூத்துக்குடி லோடு. அவன் குளிக்கப் போன நேரம் லில்லி என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனாள். அவன் பாஸ்போர்ட்டை அலமாரி அடித்தட்டில், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். சாவியை என் கையில் திணித்தாள்.

"மைனி, இது உங்ககிட்ட இரிக்கட்டு. நான் கேட்டாலும் தராதீங்க."