மூன்று முறை சரியாக வந்தபின்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் கருத்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தூறல்கூட வரவில்லை. சர்க்கரை 152.

இந்த வாரம் யோசித்து எழுத வேண்டியவை:

1. மகள் வசந்தி மறுபடி நர்ஸிங் படிக்கக் கேட்பது.
2. என் ஊசி.
3. நான் கருத்துச் சொல்லலாமா. (கூடாது. அவள் முடிவு. நான் வாய் திறக்காவிட்டால் அவளைத் தடுத்ததாகாது.)
4. சமையலறைக் குழாய் ஒழுகல்.

முதலாவது. நேற்று சாப்பிடும்போது சொன்னாள். வயது 42. இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் அம்மா பக்கவாதத்தில் விழ, லீவில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. பதினோரு வருடம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அம்மா போனபின் பக்கத்துத் தெரு க்ளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கே அவள் ஊசியைத் தொடக்கூடாது. படிப்பு முடிக்கவில்லையே.

தாம்பரம் தாண்டி ஒரு நர்ஸிங் பள்ளியில் இந்த வயதிலும் சேர்த்துக்கொள்கிறார்களாம். முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஹாஸ்டல் கட்டாயம். வெள்ளி மாலை நான்குக்குள் பதில்.

"சின்னப் பொண்ணுங்களோட பெஞ்ச்ல உக்காரணும்ப்பா. ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவாங்க." சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

இரண்டாவது. எட்டு வருடமாகக் காலையும் மாலையும் எனக்கு இன்சுலின் போடுவது அவள்தான். முப்பத்தோரு வருடம் வேதியியல் வாத்தியார். அமிலம் ஒரு சொட்டு சிந்தியதில்லை. என் வயிற்றில் நானே குத்துவதென்றால் கண் இருட்டுகிறது. அவள் போய்விட்டால் நான் பழகியாக வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டு என்னால் முடியாமல் போனால், பாதியில் திரும்பி வருவாள். மறுபடியும்.

ஆகவே அவளுக்குத் தெரியாமல் பழகுவது. ஒரு முறை வந்த அளவு அளவே இல்லை, மூன்று முறை ஒத்துவந்தால்தான் நோட்டில் ஏற்ற வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்வேன். இங்கும் அதே. மூன்று நாள் சரியாக வந்தபின் சொல்வது. நேரம் போதும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில். வ. (வசந்தி) க்ளினிக் போனபின் மெடிக்கலில் பத்து சிரிஞ்சு, கடையில் நாலு சாத்துக்குடி. வாசலில் உட்கார்ந்து பழத்தில் குத்திப் பார்த்தேன். கை நடுக்கம். மீன் கொண்டுவரும் கன்னியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இன்னா சார், பழத்துக்குக் காய்ச்சலா?"

எனக்காகப் பழகுகிறேன் என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு படகுல குந்திகினே போட்டுக்குவாரு. நீ இன்னாத்துக்கு இம்மாம் பேஜார் பண்ணிக்கிற? பொண்ணாண்ட சொன்னியா?"

"வெள்ளிக்கிழமை சொல்லுவேன்."

"நாள் பாத்து சொல்ல இது இன்னா கண்ணாலமா?"

சங்கரா மீன் அரைக் கிலோ வாங்கினேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் முறை முறைதான்.

ஆகஸ்ட் 20, புதன்

11.10. மருந்தில்லாத வெறும் சிரிஞ்சு. தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி. இரண்டு முறை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மூன்றாவதில் இறங்கியது. எறும்புக்கடி அளவுகூட இல்லை. இதற்கா எட்டு வருடம்? ஒன்று.

மாலை எனக்கு ஊசி போட்டுவிட்டு வ. கேட்டாள்: "நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?"

"உன் இஷ்டம்மா."

ரத்தம் வரவில்லை. ஆனாலும் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சரிப்பா."

மூன்றாவது விஷயத்தில் உறுதியாக இருந்ததில் திருப்தி.

ஆகஸ்ட் 21, வியாழன்

விடியலில் மழை. முற்றத்தில் தண்ணீர். காலை அடுக்களையில் வ. போனில்: "இல்ல மேடம்... வீட்ல வயசானவங்க... பரவால்ல மேடம், தேங்க்ஸ்." க்ளினிக்கில் லீவு விஷயம் போலிருக்கிறது.

11.05. முதல் முயற்சியிலேயே. நடுக்கம் இல்லை. இரண்டு.

குழாய்க்கு ஆள் வரவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

10.40. மூன்று.

உடனே க்ளினிக்குக்குப் போன். நானே போட்டுக்கொள்வேன், மூன்று நாள் சரிபார்த்தாயிற்று, நீ போ என்றேன். மூச்சு வாங்கியது.

அங்கே யாருக்கோ டோக்கன் நம்பர் சொன்னாள். பிறகு: "நேத்தே வரலைன்னு சொல்லிட்டேன்ப்பா."

"ஏம்மா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே. அம்மா விழுந்தப்பவும் உன் இஷ்டம்னுதான் சொன்னீங்க. நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்னு சொல்வீங்கன்னு, அப்போ ஹாஸ்டல்லேர்ந்து கொண்டுவந்த பெட்டிய ரெண்டு நாள் பிரிக்காமலே வெச்சிருந்தேன்." குரலில் கோபம் இல்லை. "ஆள் நிக்கிறாங்கப்பா. வெக்கிறேன்."

பள்ளிக்கு நானே பேசினேன். நான்கு மணி ஆகவில்லையே என்றேன். காத்திருந்த ஒரு பெண்ணுக்கு நேற்றே கொடுத்துவிட்டார்களாம். அடுத்த வருடம் இந்த வயதில் எடுப்பார்களா என்று கேட்டேன். சொல்ல முடியாது சார் என்றார்கள்.

அந்தப் பெட்டி நினைவிருக்கிறது. கூடத்தில், பீரோ ஓரம். இடறாமல் சுற்றிப் போவேன். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

மேகமூட்டம். சர்க்கரை 171. வ. வழக்கம்போல மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தாள். கை நீட்டினேன். கொடுத்தாள். அவள் எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.

"நல்லாப் போடுறீங்கப்பா." காலி சிரிஞ்சை வாங்கி டப்பாவில் போட்டாள். டிபன் கட்டிக்கொண்டு க்ளினிக் கிளம்பிவிட்டாள்.

திங்களன்று எழுதிய பட்டியலில் மூன்றாவது தவறு.