துரை அசைவதில்லை

ஜூலை 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. லுங்கி ஒன்றுகூடக் காயவில்லை. கரண்ட் போனது, பொட்டுவின் விளக்கும் சேர்ந்து. பொட்டு என் சிறுத்தைப் பல்லி. தொட்டிக்குள் சுடுதண்ணீர் பாட்டில் வைத்தேன், ஒட்டிக்கொண்டாள். புழு போட்டால் பாயுமுன் வால் நுனியை ஆட்டுவாள். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

வேலையாக மோல்மேன் ஊருக்குப் போன சேகர் ஃபோன். முதல் கேள்வி, "துரை சாப்பிட்டானா?" பெண்டாட்டி சாப்பிட்டாளா என்பது பிறகு. துரை அவருடைய ஆமை. தொட்டியில் கல், கல்மேல் துரை, அவ்வளவுதான் நிகழ்ச்சி. எல்லாப் பிராணியும் சுவாரஸ்யம் என்கிறார் சேகர். கிடையாது. சிலது சுத்த போர். கல்யாணமானதிலிருந்து இதே வழக்கு.

மாலை கீழ்வீட்டு பர்மாக்கார அம்மா டோ கின் வந்தார். கரண்ட் வந்தால் தண்ணீர் மோட்டார் போட எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான். துரையைக் காட்டி அவர் பாஷையில் சொன்னேன், "நாள் முழுக்க ஒரே இடம். பாவம்." அவர் பெருமூச்சு விட்டார்.

வாங்க: புழு, கொசுவத்தி, புளி.

ஜூலை 10, புதன்

ஆபீஸ் விட்டு வந்தால் தொட்டியில் கல் மட்டும். கட்டிலடி, அரிசி மூட்டைப் பின்னால், குளியலறை. எங்கும் இல்லை.

டோ கின் வந்தார். கொண்டையில் பூ, முகமெல்லாம் சிரிப்பு. இன்று அவர் பிறந்தநாள். இங்கே பிறந்தநாளில் மீனோ குருவியோ வாங்கி விடுதலை செய்வார்கள். அவர் துரையை விடுதலை செய்துவிட்டார்.

"நீதானே மா லதா பாவம்னு சொன்ன. பகோடா கோயில் குளத்துல விட்டேன். என் பேரோட உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் விட்டேன். குதோ உங்களுக்கும்தான்."

குதோ, புண்ணியம். இப்படி வந்து நிற்பவரை எப்படித் திட்டுவது? துரை சேகரின் உயிர் என்று சொன்னதும் அவர் பூவைக் கழற்றிவிட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு சேகர் வருகிறார். ஃபோனில், "துரை?"

"கல்லு மேல" என்றேன். பொய் இல்லை. ஏதாவது ஒரு கல்மேல்தான் இருப்பான்.

ஜூலை 11, வியாழன்

புளி மறந்துபோனது. பொட்டு மூன்று புழு. வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். அழுகை வந்தது. ஒரு ஆமைக்காக. சேகரிடம் சொல்லவே கூடாது.

ஜூலை 13, சனி

லீவு. டோ கின்னோடு பகோடா. குளம் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "உன்னோடது எதுன்னு காட்டு, எடுத்துட்டுப் போ" என்றார். எட்டிப் பார்த்தேன். குளம் முழுக்க ஆமை, எல்லாம் ஒரே அச்சு.

டோ கின் பொரி வாங்கி வீசினார். குளமே திரண்டு வந்தது, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. ஓரத்துக் கல்மேல் ஒருத்தன் மட்டும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அதோ" என்றோம் இரண்டு பேரும்.

"அதுவா?" என்றார் பெரியவர். "வந்ததுலேர்ந்து அங்கேயேதான். செத்துப்போச்சோன்னு நெனச்சேன்."

பெரியவர் எடுத்துத் திருப்பினால், ஓட்டின் அடியில் சேகர் வைத்த நெயில் பாலிஷ் புள்ளி. அவனேதான். முத்தம் கொடுத்தேன். நாறினான்.

டோ கின்னுக்குக் கவலை, புண்ணியம் திரும்பப் போய்விடுமோ என்று. சந்தையில் உயிரோடு கெளுத்தி மீன் வாங்கி வழியில் ஏரியில் விட்டோம், துரைக்குப் பதில். மறுபடியும் மூன்று பேர் பெயரும் சொன்னார். டாக்சியில் துண்டுக்குள் துரை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில். லுங்கி எல்லாம் காய்ந்தது. டோ கின் மொஹிங்கா, மீன்குழம்பு நூடுல்ஸ், கொண்டு வந்த நேரம் சேகரும் வந்தார். பையை இறக்காமலே தொட்டியருகே போனார்.

"நான் இல்லாதப்ப ஏதாவது பண்ணானா?"

"என்ன பண்ணுவான். கல்லு மேலயே இருந்தான்."

"உனக்கு அது போர். எனக்கு அதுதான் பிடிக்கும். எங்க விட்டுட்டுப் போறோமோ, வர்ற வரைக்கும் அங்கேயே இருப்பான்."

டோ கின்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சேகர் துரையைக் காட்டிப் பேசியதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் மோட்டார் போடப் போனேன். கரண்டே இல்லை.