தேயாத துத்தநாகக் கட்டி

இன்று காலை மங்களூர்த் துறைமுகத்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மழைக்குக் கரையேற்றிய மீன்பிடிப் படகின் அடிப்புறம். சுக்கானுக்குப் பக்கத்தில், போன வருடம் நம் பட்டறையில் வார்த்த துத்தநாகக் கட்டி. அதன் மேல் நீ உளியால் கொத்தும் சின்ன நட்சத்திரம். ஒரு பருவம் முழுக்கக் கடலில் கிடந்தும் ஐந்து முனைகளும் கூராக இருந்தன.

பின்னாலேயே படகு மெக்கானிக்கின் குரல் பதிவு. "தம்பி, ஒங்க ஜிங்க் ஏ-ஒன் சரக்கு. கொஞ்சங்கூட தேயல. பதினோரு போட்லயும் இப்படித்தான். மாத்தாம அப்படியே திங்கக்கெழம தண்ணில எறக்குறோம்."

பாராட்டு. நான் மறுபடி படத்தைத் திறந்தேன்.

ஹெப்பகோடிப் பட்டறைக்கு நான் வேலைக்கு வந்த முதல் வாரம், தேநீர் இடைவேளையில் உனக்கு விளக்கினேன். உப்புநீரில் சுக்கானும் படகைத் தள்ளும் விசிறியும் அரிக்கும். பக்கத்தில் துத்தநாகம் இருந்தால் அது முந்திக்கொண்டு கரையும். மற்றவை பிழைக்கும்.

"அப்ப நாம செய்றது கெட்டுப்போறதுக்குத்தானா? இதுக்கா மச்சா எம்.எஸ்ஸி. படிச்ச?" என்றாய். பிறகு, "கடலையே பாக்காத ரெண்டு பேர நம்பி போட்டு போவுது பாரு."

துத்தநாகம் உருக்கும் கிராஃபைட் மூசை விரிசல் விட்ட அன்று, சரக்கேற்ற லாரி வாசலில் நின்றது. மூலையில் பழைய இரும்புப் பானை.

"இரும்பு எறங்கிடாதா மச்சா?" என்றாய்.

"ஒரு தடவதான. ஒண்ணும் ஆவாது."

"நீ படிச்சவன். நீ சொன்னா சரி." அந்தப் பானையிலேயே உருக்கி ஊற்றினாய்.

துளி இரும்பு கலந்தாலும் துத்தநாகத்தின் மேல் ஒரு தோல் படியும். பிறகு அது கரையாது. எதையும் காக்காது. எனக்குத் தெரியும். சோதனைச் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். இரண்டு மாதத்தில் டெங்குக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இன்று சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"அவன் ஊத்துன லாட்டா? சும்னே டென்ஷன் ஆகாத. ஏதாவது ஆச்சுன்னா அவன்தான் தப்பா ஊத்திட்டான்னு சொல்லிக்கலாம். இல்லாத ஆளு, யாரு போய் கேக்கப் போறாங்க?"

வெளியே வந்து, பேருந்துகளின் இரைச்சலில் மெக்கானிக்கை அழைத்தேன்.

"அண்ணே, எறக்காதீங்க. தேயலன்னா அது வேல செய்யலன்னு அர்த்தம். சுக்கான் போல்ட்ட தட்டிப் பாருங்க."

"வெளையாடுறியா தம்பி?"

"ஒரு தடவ தட்டுங்கண்ணே."

சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஏதோ சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"ரெண்டா போச்சு. இந்த போட்ல ஏழு பேரு கடலுக்குப் போவாங்க தம்பி. எவன் ஊத்துனது இத?"

"ஊத்தச் சொன்னது நான்."

கெட்ட வார்த்தையில் திட்டினார். மீதிப் பத்துப் படகுகளையும் பார்த்துவிட்டுப் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மணி நான்கு. இன்னும் அழைப்பு வரவில்லை. எத்தனை போல்ட் உடைந்தாலும், அந்தப் பத்துப் படகுகளும் என் மேல் இருக்கின்றன. உன் மேல் இல்லை.