நான் எண்ணாத நிமிடம்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ நலமாக இருப்பதை அம்மா தினமும் போனில் விசாரித்து எனக்கு ஒப்பிக்கிறாள். என் குரல்தான் நலமில்லை. தொண்டை வீங்கியதால் பத்து நாள் வாய் திறக்கக் கூடாது என்று எங்கள் மருத்துவமனை டாக்டரே உத்தரவிட்டுவிட்டார். உத்தரவு உத்தரவுதான் என்பதால் முணுமுணுப்பதும் இல்லை. அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். சமையலறைக் குழாயை அவளே ஆள் வைத்துச் சரிசெய்தாள், என் ஆலோசனை ஒன்றுகூட இல்லாமல் அது ஒழுகாமல் இருக்கிறது.

எங்கள் பயிற்சி அறை உனக்குத் தெரியும். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை மீட்கப் பிரசவ அறைக் குழுவினர் ரப்பர் பொம்மையை வைத்துப் பழகும் இடம். துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியை வைத்துப் பையை அழுத்திக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக அந்த நிமிடத்தை, கையில் கடிகாரத்துடன், முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று உரக்கச் சொல்லிவந்தவன் நான். அலாரம் சார் என்று எனக்குப் பெயர். அதைப் பட்டமாகவே எண்ணியிருந்தேன். சென்ற திங்களன்று குரலில்லாமல் வெறுமனே நின்றேன். நர்சுகள் பொம்மையைத் துடைத்தார்கள், துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே இருந்தார்கள். தொண்ணூறு வினாடியாகியும் ஒரு கைகூட முகமூடிக்குப் போகவில்லை. தாயாக நடித்துக் கட்டிலில் படுத்திருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றரை நிமிஷமா எல்லாரும் சார் வாயையே பாக்கறீங்க, என் பிள்ளைய யாரு பாத்தா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூத்த நர்ஸ் மட்டும் சிரிக்காமல், "நீங்க அறுபதுன்னு சொன்னாத்தான் சார் கை போகுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நிஜப் பிரசவத்தில் நான் உள்ளே இருப்பதே இல்லையே! பிரசவ அறைப் பதிவேட்டைப் புரட்டினேன். காற்றுக் கொடுக்கத் தொடங்கிய நேரம் பல இடங்களில் ஒன்றேகால் நிமிடம். நல்லவேளை, குழந்தைகள் பிழைத்திருந்தன. அன்றே கடிகாரத்தை இளைய நர்ஸிடம் கொடுத்து, இனி எண்ணுவது உங்களில் ஒருவர் என்று தாளில் எழுதிக் காட்டினேன். மூன்று நாள் விடாமல் பழகினார்கள்.

வெள்ளி மதியம் பிரசவ அறை வாசலைக் கடக்கும்போது, "பிறந்தாச்சு" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். அழுகை கேட்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. வெறும் காற்றுத்தான் வந்தது. அப்போது உள்ளே இளைய நர்ஸின் குரல் "முப்பது" என்றது. பிறகு "நாற்பத்தைந்து". அறுபது வருமுன்பே மூத்தவர், "பைய அழுத்தறேன், குழந்தை நெஞ்சு ஏறி இறங்குது" என்றார். சற்றுக் கழித்து வீறிட்டு ஓர் அழுகை. எத்தனையாவது வினாடியில் என்று கேட்காதே; நான் எண்ணவில்லை.

உன்னைத் தினமும் காலை ஆறு மணிக்குப் போனில் எழுப்புவதையும் இத்துடன் சேர்த்து யோசித்தேன். "அவ என்ன உங்க பொம்மையா?" என்று அம்மா முன்பே கேட்டவள்தான். இந்த ஒன்பது நாளும் நீ ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போகவில்லையாம். நாளை மறுநாள் எனக்குக் குரல் வரும். ஆறு மணிக்கு அழைக்க மாட்டேன். உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ, அப்போது நீ கூப்பிடு.

நோய்நொடியின்றி, மனநிறைவோடு நீண்ட காலம் வாழ்வாயாக. பல் டாக்டரைப் பார்க்க மறவாதே. தேதியை நான் கேட்கவில்லை.

வாழ்த்துகளுடன்,
உன் அப்பா