மூடிக்கு அடியில் விட்ட அசல்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழியிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போன் எப்போதும் அம்மாவின் கையில் இருப்பதால் எனக்கு வேறு வழியில்லை. எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் ஒன்று. அப்பா நன்றாக இருக்கிறார். இன்று மாலை நம் ஜெராக்ஸ் கடையில் பாட்டுக்கூடப் பாடினார். இவ்வளவு மோசமாகப் பாடுவதற்கு உடம்பில் நல்ல தெம்பு வேண்டும் என்று அம்மா சொன்னாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டேப்ளர் பின் தேடி, கடையில் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு பழுப்பு உறை அகப்பட்டது. உள்ளே அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. நூறு இரத்த அணுக்களில் நான்கில் மரபணு மாறியிருக்கிறது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், பின்னாளில் இரத்தப் புற்றுநோயாக மாறக்கூடும் என்று இருந்தது. அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு என் கண்ணில் எதுவும் படவில்லை. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி பார்க்கவும் போகவில்லை.

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை அப்பா டீ குடிக்கப் போய், அம்மா பின்னறையில் இருந்த நேரத்தில், உயிரியல் டீச்சரிடம் காட்டிக் கேட்கலாம் என்று அறிக்கையை நம் மெஷினில் ஒரு நகல் எடுத்தேன். அதற்குள் அப்பாவின் இருமல் வாசலில் கேட்டது. நகலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். பாதித் தெருவில்தான் உறைத்தது. அசல் கண்ணாடியின் மேலேயே இருக்கிறது! மூடியைத் திறந்து பார்க்காமல் போகிற வாடிக்கையாளர்களை நாம் எவ்வளவு கேலி செய்திருப்போம்? கடைக்காரர் மகளே அதைச் செய்துவிட்டேன்.

திரும்பி ஓடிவந்தேன். நான் படியேறவும், வக்கீல் குமாஸ்தாவின் தாளை வைக்க அம்மா மூடியைத் தூக்கவும் சரியாக இருந்தது. யாராவது அசலை மறந்துவிட்டுப் போனால் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியுமே. தாளில் இருக்கிற பெயரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பாள். அன்றும் வாசித்தாள். அப்பாவின் முழுப் பெயரையும், தாத்தாவின் பெயரோடு, வயதோடு!

"யாருங்க இது, ரிப்போர்ட்ட விட்டுட்டுப் போனது?" என்று வேறு கேட்டாள். குமாஸ்தா நிதானமாகத் திரும்பி, "அம்மா, அவரு இதோ உங்க பின்னாலதான் பைண்டிங் பண்ணிட்டிருக்காரு" என்றார்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இரண்டு தடவை படித்தாள். பகல் பதினொரு மணிக்கு ஷட்டரை இழுத்து மூடினாள். "கிளம்புங்க" என்று ஒரே வார்த்தை. அப்பா கையில் கோந்தோடு கிளம்பினார். நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். இறங்கு என்றார்கள், இறங்கவில்லை.

இரத்த டாக்டர் மேடம் நல்லவர்கள். எலும்பு மஜ்ஜையில் சில தாய் அணுக்கள் உண்டாம். அவை தம்மைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற, அப்படி உண்டாக்கும்போது மரபணுவில் எங்காவது ஒரு பிழை விழும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஒரு பிழை, அந்த அணுவை மற்றவற்றைவிட வேகமாகப் பெருக வைத்துவிடும். அதன் வாரிசுகள் எல்லாவற்றிலும் அதே பிழை இருக்கும்.

அதுவரை தலை குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார். "புள்ளி விழுந்த காப்பிய அசலா வச்சு எடுத்த மாதிரிங்களா டாக்டர்? அப்புறம் எடுக்கிறதுல எல்லாம் அந்தப் புள்ளி வரும்." மேடம் சிரித்துவிட்டார்கள். "அதேதான். ஆனா ஒரு புள்ளி மட்டும் புற்றுநோய் இல்ல. அதுமேல இன்னொண்ணு, அதுக்கும் மேல இன்னொண்ணுன்னு பல வருஷத்துல சேந்தாத்தான் ஆபத்து. நிறையப் பேருக்குச் சேராமலே போயிடும். அது வளருதா இல்லையான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்க பாக்காம இருந்ததுதான் தப்பு."

அப்பா பயத்தில் வரவில்லையாம். தெரியாமல் இருந்தால் இல்லாத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்தாராம். அம்மா அப்போதுதான் அழுதாள். ஆனால் அழுது முடிப்பதற்குள் மேடம் சிகரெட்டை விடவேண்டும் என்றார்கள். "விட்டுட்டேன் டாக்டர்" என்றார் அப்பா. எப்போது என்று கேட்டார்கள். "காலைலதாங்க." அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அக்கா!

எங்களுக்கும் வருமா என்று நான் கேட்டேன். இது பிறவியில் வந்ததில்லை, வயதில் வந்தது, பிள்ளைகளுக்குப் போகாது என்று மேடம் சொன்னார்கள். உனக்காகவும் சேர்த்துத்தான் கேட்டேன்.

இரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தோம். அப்பா மெஷின் கண்ணாடியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைத்தார். அம்மா எல்லோருக்கும் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். இன்று முடிவு வந்தது. நான்கு! எட்டு மாதத்துக்கு முன் எவ்வளவோ, அவ்வளவேதான். புதிய பிழை ஒன்றும் இல்லை. அந்த நான்கை மட்டும் தாள் நிறையப் பெரிதாக்கி அப்பா கடைக்குள் ஒட்டிவிட்டார். குமாஸ்தா என்ன என்று கேட்டதற்கு, "பரீட்சை மார்க்குங்க. நூத்துக்கு நாலு. பாஸ்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கோந்து டப்பா கவிழ்ந்தது.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. வளரவில்லை என்றுதானே சொன்னார்கள், இல்லை என்று சொல்லவில்லையே. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் காத்திருக்க வேண்டும். உன் பரீட்சை முடிகிறவரை உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் மீறிவிட்டேன். அந்த உறையைப் பார்த்த மூன்று நாளும் நான் தனியாக இருந்தேன் அக்கா. நீயும் ஒருநாள் அப்படி இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வராதே. அப்பாவுக்கு அதுதான் பெரிய பயம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எப்போதும்போல் அவரோடு சண்டை போடு. போன வாரம் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று நீ போனை வைத்த பிறகு, ஒரு மணி நேரம் சிரித்த முகமாகவே இருந்தார். தயவுசெய்து அன்பாகப் பேசிவிடாதே. சாப்பிட்டீங்களாப்பா என்று குரலை இறக்கிக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். பணம் போதவில்லை என்று கத்து. ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டு. அழுகை வந்தால், ஜலதோஷம் என்று

அக்கா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார் போல. இதை இப்படியே மடித்து ஒளிக்கிறேன், காலையில் தபாலில் போட்டுவிடுவேன்