பூங்கொடிக்கு மலையேறி வந்த ரத்தம்

என் அஞ்சலை அக்காவுக்கு, பெருமாள் பாதத்தில் இருக்கும் உனக்கு உன் தங்கச்சியின் கும்பிடு.

உன் மகள் பூங்கொடிக்குப் பெண் பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். மற்றதைக் கேட்டால் பதறுவாய் என்று இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவளுக்கும் உன்னைப் போலவே ஆயிற்று, அக்கா. பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் எப்படியோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் உதடெல்லாம் வெளுத்து, கூப்பிட்டால் கண் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். "இந்த நெலமைல வண்டில வெச்சு கொண்டைஊசி வளைவுல எறக்குனா தாங்க மாட்டாங்க. ரத்தம் மேல வரட்டும்" என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சி ரத்த வங்கிக்கு ஓடினார்.

உன்னைப் பெற்றவள் போலத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உன் பிரசவத்தன்று நானும்தான் காத்திருந்தேன். கீழேயிருந்து ரத்தம் வருவதற்குள் உன் கை என் கைக்குள் சில்லிட்டுப் போனது. சில்லிப்பு என்றாலே எனக்குச் சாவு என்று ஆகிவிட்டது அன்றிலிருந்துதான்.

மாப்பிள்ளை தெர்மாகோல் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அதைத் தன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நர்சைத் தேடி உள்ளே ஓடினார். சம்பந்தியம்மா மூடியைத் திறந்து பையைத் தொட்டதும் கையை உதறினார்.

"இன்னா இது, இவ்ளோ ஜில்லுனு கீது? பச்ச ஒடம்புக்காரிக்கு இத ஏத்துனா ஜன்னி வந்துடாதா?"

நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் குடிக்கிற தண்ணீரைக்கூட ஆற விடமாட்டோமே. பூங்கொடிக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருந்த வெந்நீர்ச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒரு பையை எடுத்து அதற்குள் அமிழ்த்தினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இன்னொரு பையையும் எடுக்கும்போது நர்ஸ் வந்துவிட்டார்.

"ஐயோ ஆயா, வையுங்க! வெந்நீர்ல போட்டா உள்ள கீற ரத்த அணுவெல்லாம் ஒடஞ்சிடும். ஒடஞ்சத ஏத்துனா கிட்னியே போயிடும்."

"ரத்தம் இன்னா முட்டையா, ஒடையறதுக்கு?" என்று முணுமுணுத்த சம்பந்தியம்மா, நர்சின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பை போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை மறுபடியும் ஜீப்பில் ஏறினார். இருந்த ஒன்றைப் பூங்கொடிக்கு ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, நான் பெருமாளை விட்டுவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடியும் தறுவாயில் உதட்டோரம் லேசாக ஒரு நிறம் வந்தது. "சித்தி, தண்ணி" என்றாள் உன் மகள். அக்கா, நீ அன்று கடைசியாகக் கேட்டதும் தண்ணீர்தான். இவள் குடித்தாள்.

இரண்டாவது பெட்டி வந்தபோது சம்பந்தியம்மா கிட்டேயே போகவில்லை. எல்லாம் தேறிய பிறகுதான் வாயைத் திறந்தார். "எந்த வூட்டு ரத்தமோ தெரில, இனிமே என் மருமவ என்னியே ரெண்டு வார்த்த ஜாஸ்தி கேப்பா" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும் ரத்த வங்கிக்குப் போய், அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினாள். நம் வீட்டில் அரிசி பருப்பு எது எப்போது வந்தது என்று நான் எழுதி வைத்து, முன்னால் வந்ததை முன்னால் தீர்ப்பேனே, அதே மாதிரி பைகள் தேதி வரிசையில் இருந்தன.

"இது பழைய ரத்தம்தானே, பாப்பா?" என்றேன்.

"பழசு இல்லீங்க, உயிரோட கீது" என்றாள். "பைக்குள்ள கொஞ்சம் சர்க்கர கலந்த தண்ணி வெச்சிக்கீறோம். அத மெதுவா தின்னுக்கினு தூங்கிக்கினு இருக்கும். குளிர் கம்மியானா சீக்கிரம் கெட்டுப்பூடும். ஜாஸ்தியாயி உறைஞ்சா வெடிச்சிடும்."

ஒவ்வொரு அணுவும் தன்னைவிடக் குறுகலான ரத்தக்குழாய்க்குள் உடம்பை வளைத்து நுழைந்து போகுமாம். பைக்குள் நாளாக நாளாக அந்த வளைவு போய் விறைத்துக்கொள்ளுமாம். அதற்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பைமேல் தேதி.

கற்பூரம் காட்டும்போது வருகிற சிலிர்ப்பு எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் வந்தது. கொடுத்தவர் எங்கோ பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், கரும்பு வெட்டிக்கொண்டிருப்பார். அவர் உயிரில் ஒரு பங்கு இங்கே குளிரில் தின்று, தூங்கி, மூச்சடங்காமல் இருக்கிறது. உடம்பை விட்டு வந்த பிறகும் இத்தனை வாரம் பிழைத்திருக்கும்படி இதைப் பெருமாள் படைத்தானே, எதற்காக? யார் வந்து கேட்பார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியுமா? அப்படியானால் உனக்கு ஏன் வரவில்லை? கேட்டுவிட்டேன். ஆனாலும் கும்பிட்ட கையை எடுக்கத் தோன்றவில்லை.

அங்கேயே என் ரத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே கம்மியா கீதும்மா, தேத்திக்கினு வாங்க" என்று சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டாள். தினமும் தின்கிறேன். கேழ்வரகும் முருங்கைக்கீரையும்தான் இப்போது என் விரதச் சாப்பாடு.

சீக்கிரமே அங்கே ரத்தம் கொடுக்கும் கட்டிலில் போய்ப் படுப்பேன், அக்கா. இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. நீ ரத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாய். இனி என் ரத்தம், முகம் தெரியாத ஒருத்திக்காக அந்தக் குளிரில் காத்துக் கிடக்கட்டும்.

உன் மகளுக்குச் சித்தி, உன் பேத்திக்குச் சின்னப் பாட்டி,
உன்கூடப் பிறந்த முனியம்மா