ஒரு வாய் மீன்

காரங்காடு
6.2.2008

ஜோதி,

ஆமா, தொண்டையில சிக்குனத உறிஞ்சித் தொக்கு எடுக்குற ஆளுட்டத்தான் எட்வர்டக் கூட்டிட்டுப் போனேன். அதுக்கென்ன இப்ப? நாலு வயசுப் பய, ஒவ்வொரு வாய்க்கும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கக்குறான். தொண்டையில என்னமோ அடைச்சிருக்குன்னு நீயுந்தான சொன்ன? அந்தாளு வயித்தத் தடவி, குழாய வச்சு உறிஞ்சி, ஒரு முள்ளக் காட்டுனாரு. நீ கும்புட்டியே.

மதுரை டாக்டரு உள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு, அடைப்பே இல்ல, அலர்ஜியில உணவுக்குழாய் வீங்கிருக்குன்னாரு. பாலு, முட்டை, மீனு கூடாதுன்னாரு. சரி. அதுக்கு எட்வர்டத் தூக்கிக்கிட்டுப் பரமக்குடிக்கு உங்கக்கா வீட்டுக்கு ஏன் போன? போன் போட்டா கட் பண்ற, அதான் எழுதுறேன்.

கல்யாணம் முடிஞ்ச புதுசுல கரையில நகரை மீனச் சுட்டு ஒரே இலையில தின்னோம். நீ முள்ளெடுத்து ஊட்டுன. அப்படித் தொடங்குன வீட்டுலயா மீனு ஆகாதுங்கிற?

மரியசெல்வம்

பரமக்குடி
15.2.2008

எட்வர்டு அப்பாவுக்கு,

புள்ள நல்லாருக்கான். சோறு, ரசம், புடலங்காய்தான். இப்பக் கக்குறதில்ல.

டாக்டரு சொன்ன மறுநாளே, "கடல்காரன் மகன்டா நீ"ன்னு ஒரு வாய் மீன ஊட்டுனீங்க. அவன் அழல. உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு, கண்ணுல தண்ணி முட்ட முழுங்குனான். அதப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்த இலை எனக்கும் ஞாபகம் இருக்கு. இங்கன கடல் சத்தம் இல்லாமத் தூக்கமே வரல. ஆனா மீனு வார வீட்டுக்கு இவன எப்படிக் கூட்டிட்டு வர?

ஜோதிமேரி

காரங்காடு
20.2.2008

ஜோதி,

என் மூஞ்சியப் பாத்துக்கிட்டா? புடிச்சுத்தான் திங்கிறான்னு நெனச்சேன் புள்ள.

கூலியோட குடுக்குற கறிமீன வேணாம்னுட்டேன். "ஏலே, வலைய இழுத்துட்டு வீட்டுல போயிப் புடலங்காயா திங்கப் போற?"ன்னு நம்ம வள்ளத்துச் சிலுவைமுத்து சிரிக்கிறான். அவன் பொண்டாட்டிட்டயே நம்ம மீன் சட்டியக் குடுத்துட்டேன். நீ மொதக் கொழம்பு வச்ச சட்டி, உப்புக்கடலா இருந்துச்சே, அதான். திட்டு, பரவால்ல. நேத்து ரசம் வச்சேன். வாயில வைக்க முடியல.

வான்னு சொல்ல மாட்டேன். உனக்கா நம்பிக்கை வரட்டும். அவன்ட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. அப்பா குடுத்தாலும் வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், அப்பா மூஞ்சி மாறாதுன்னு.

வள்ளத்துல கூப்பிடுறானுக. போறேன்.

மரியசெல்வம்